பயோஸ் செய்யட்டுமா, கேர்னல் செய்யட்டுமா? வன்பொருள் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் கணினித் திருத்த வேலையும் லினக்ஸும் படிப்பிக்கிறேன். வருகிற பிள்ளைகளில் சிலர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் மொறட்டுவையிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறவர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்: "அக்கா, மதர்போர்டில் இருக்கிற சாமான்களை எல்லாம் செட் பண்ணுறது பயோஸா, லினக்ஸா? யார் செய்யவேணும்?"

இப்போது இருவரும் பங்குபோட்டுத்தான் செய்கிறார்கள். யார் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. எது இல்லாமல் கணினி தொடங்கவே முடியாதோ அதையும், இயங்குதளம் உறைந்து கிடந்தாலும் நடந்தே ஆகவேண்டிய பாதுகாப்பு வேலைகளையும் ஃபர்ம்வெயர் செய்யட்டும். போர்டில் என்னென்ன இருக்கிறது என்பதைக் கேர்னலுக்கு உள்ளபடி சொல்லட்டும். மிச்சம் எல்லாம் கேர்னலின், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலின் வேலை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஃபர்ம்வெயர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மதர்போர்டில் ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் எழுதப்பட்டிருக்கும் நிரல். பழைய பெயர் பயோஸ், இப்போதையது யூஈஎஃப்ஐ. கடையில் இரண்டையுமே பயோஸ் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். 'ஆம்' (ARM) வகைப் புரோசசர் உள்ள சிறு போர்டுகளில் இதே இடத்தில், கேர்னலை ரேமில் ஏற்றிவிடும் பூட்லோடர் என்ற நிரல் இருக்கும். வைஃபை அட்டைக்குள் ஓடும் நிரலுக்கும் ஃபர்ம்வெயர் என்றுதான் பெயர், ஆனால் அது வேறு கதை.

'அமைப்பது' என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

மதர்போர்டில் செருகும் பிசிஐ அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். செருகியவுடன் அதற்கு முகவரி எதுவும் கிடையாது. அதன் முகவரிப் பதிவேட்டில் (சிப்புக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் சிறு இடம்) யாரோ எல்லா பிட்டுகளையும் 1 ஆக எழுதித் திரும்ப வாசிக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் எத்தனை பிட் மாறாமல் 0 ஆகவே நிற்கிறது என்பதைப் பார்த்தால் அந்த அட்டைக்கு எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்று தெரியும். பிறகு மற்ற எந்தச் சாமானோடும் மோதாத ஓர் இடத்தைப் பார்த்து, அந்த முகவரியை அதே பதிவேட்டில் எழுத வேண்டும். இடையில் ஒரு தடத்தை இன்னொரு தடத்தோடு இணைக்கும் பாலச் சிப்புகள் இருந்தால் ஒவ்வொரு பாலத்துக்கும் 'இந்த எல்லைக்குள் வருவதை அந்தப் பக்கம் விடு' என்று சொல்ல வேண்டும். அட்டை புரோசசரைக் கூப்பிடும் சமிக்ஞையான இன்டரப்டுக்கும் வழி காட்ட வேண்டும்.

ஆம் போர்டில் இதே வேலை வேறு உருவத்தில் வரும். எந்தக் கடிகாரம் (சிப்பின் பகுதிகளை ஓட்டும் துடிப்பு) எந்த வேகத்தில் ஓட வேண்டும், சிப்பின் எந்தக் காலுக்கு எந்தப் பணி, எந்த ரெகுலேட்டர் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்பது. எல்லாமே பதிவேடுகளில் எண்களை எழுதும் வேலைதான். அந்த எண்ணை எழுதும் கை யாருடையது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் பேசும் விஷயம்.

அப்படியானால் எல்லாவற்றையும் கேர்னலிடமே கொடுத்துவிடலாமே?

முடியாது. காரணம் நினைவகம்.

மின்சாரம் வந்த கணத்தில், பிசிகளில் இருக்கும் எக்ஸ்86 வகைப் புரோசசர் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள முகவரியிலிருந்து முதல் கட்டளையை எடுக்கிறது. அந்த முகவரி பயோஸ் சிப்புக்குப் போகிறது. அப்போது ரேம் செருகப்பட்டிருக்கும், ஆனால் வேலை செய்யாது. கேர்னலோ ரேமுக்குள் ஏற்றப்பட்ட பிறகுதான் ஓடமுடியும். ஆகவே ரேமை உயிர்ப்பிக்கிறவர் கேர்னலுக்கு முன்னால் வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வேலை இலேசானதும் அல்ல. ரேம் இல்லாதபோது ஃபர்ம்வெயர் தன் மாறிகளை எங்கே வைக்கும்? புரோசசருக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகமான கேஷையே தற்காலிக ரேமாக வைத்துக்கொள்ளும். ரேம் குச்சியில் உள்ள ஒரு குட்டிச் சிப்பிலிருந்து அதன் வகையையும் வேகத்தையும் வாசிக்கும். பிறகு ஒவ்வொரு தரவுக் கம்பிக்கும் சமிக்ஞை எந்த நொடித்துகளில் வந்து சேர்கிறது என்று மீண்டும் மீண்டும் எழுதி வாசித்துப் பார்த்துத் தாமதங்களைச் சரிசெய்யும். இதைத்தான் மெமரி டிரெயினிங் என்கிறோம். டிடிஆர்5 என்ற புதிய ரேம் வகை போடும் போர்டுகள் சிலவற்றில் முதல் தடவை சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். 'போர்ட் செத்துப்போச்சு' என்று அவசரப்பட்டுக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து பொறுத்திருங்கள்.

சரி, அப்படியே மிச்சத்தையும் ஃபர்ம்வெயர் செய்தால் என்ன? கேர்னல் சிறிதாகவும் சுத்தமாகவும் இருக்குமே?

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் மிக நியாயமானது இது. ஒரு காலத்தில் உலகம் அப்படித்தான் இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் டிஸ்க் வாசிப்பது, திரையில் எழுத்துப் போடுவது எல்லாவற்றையும் பயோஸ் அழைப்புகளாகவே டாஸ் என்ற அன்றைய இயங்குதளம் செய்தது. இப்போது அது சரிவராததற்கு எனக்குத் தெரிந்த காரணங்களில் மூன்று மிகவும் கனமானவை.

முதலாவது, அமைப்பு என்பது ஒருமுறை செய்து முடிகிற வேலை அல்ல. எஸ்3 என்ற தூக்கநிலை உள்ள லப்டொப்பை மூடுகிறீர்கள், அந்தத் தூக்கத்துக்குப் போகிறது. ரேமைத் தவிரப் பெரும்பாலான சாமான்களுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. திறக்கும்போது ஃபர்ம்வெயர் ரேம் கட்டுப்பாட்டை மீட்டுவிட்டு, கேர்னல் விட்டுச்சென்ற முகவரிக்குத் தாவிவிடுகிறது. நெட்வொர்க் சிப், ஒலிச் சிப், யூஎஸ்பி எல்லாம் வெறுமையாக நிற்கின்றன. அவற்றைத் திரும்ப அமைப்பது கேர்னலின் டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு சாமானையும் இயக்கும் நிரல்பகுதிகள். அதாவது எப்படி அமைப்பது என்ற அறிவு கேர்னலுக்கு எப்படியும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டர்போல்ட் கம்பியால் செருகும் வெளிப்பெட்டிக்கும் இதே கதைதான். ஒரே அறிவை இரண்டு இடத்தில் எழுதிவைத்தால் இரண்டும் ஒருநாள் ஒத்துப்போகாமல் நிற்கும்.

இரண்டாவது, ஃபர்ம்வெயர் எந்த முடிவை எடுத்தாலும் பின்னால் வரப்போகிற தேவை தெரியாமல்தான் எடுக்கிறது. 16 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டைக்குப் பழைய பயோஸ், புரோசசர் அந்த நினைவகத்தைத் தொடுவதற்கு 256 எம்பி முகவரிச் சாளரம் ஒன்றைத்தான் கொடுக்கும், ஏனென்றால் 32 பிட் இயங்குதளமும் தொடங்கவேண்டும் என்று அது பயப்படுகிறது. லினக்ஸில் ஏஎம்டி டிரைவர் அந்தச் சாளரத்தைத் தானே பெரிதாக்கப் பார்க்கும். மேலே உள்ள பாலத்துக்கு 4 ஜிபிக்கு மேல் இடம் கொடுக்கப்படாமல் இருந்தால் அந்த முயற்சி தோற்றுப்போகும்.

மூன்றாவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது. கொழும்பில் ஒரு கணினி எத்தனை வருடம் வாழ்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் ஒரு அலுவலகம் கழித்த இயந்திரம் இங்கே வந்து பத்து வருடம் ஓடுகிறது. ஒரு பிள்ளை சாதாரண தரம் படித்து, உயர்தரம் படித்து, கம்பஸுக்கும் அதையே கொண்டுபோகிறது. அந்த மதர்போர்டுக்குக் கடைசி பயோஸ் வந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். அதில் உள்ள பிழையைத் திருத்த இனி யாரும் வரப்போவதில்லை, மூலநிரலும் எங்கள் கையில் இல்லை. கேர்னல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வருகிறது, மூலநிரல் திறந்து கிடக்கிறது, எங்கள் பிள்ளைகளாலும் ஒரு திருத்தத்தை எழுதி அனுப்ப முடியும். பிழை வரத்தான் போகிறது என்றால், திருத்தக்கூடிய இடத்தில் வரட்டும்.

பழைய பயோஸில் 'பிளக் அண்ட் ப்ளே ஓஎஸ்' என்று ஒன்று இருந்ததே, அது என்ன?

இந்தப் பக்கத்தின் கேள்வியேதான், நீலத் திரையில் ஆம், இல்லை என்ற வடிவில். விண்டோஸ் 95 காலத்தில் வந்தது. 'ஆம்' என்று வைத்தால் தொடங்குவதற்குத் தேவையான சாமான்களை மட்டும் பயோஸ் அமைத்துவிட்டு, மற்றவற்றை இயங்குதளத்துக்கு விட்டுவிடும். 'இல்லை' என்றால் எல்லாவற்றையும் தானே செய்யும். அந்தக் காலத்து லினக்ஸுக்கு 'இல்லை' என்று வைக்கச் சொல்வதே வழக்கம். இன்றைய கேர்னல் இரண்டையும் சமாளிக்கும்.

ஏசிபிஐ இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவில்லையா?

பாதி தீர்த்தது, புதிதாகப் பாதியைக் கொண்டுவந்தது.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏசிபிஐ என்ற தரத்தை வெளியிட்டன; ஃபர்ம்வெயரும் இயங்குதளமும் வன்பொருள் பற்றியும் மின்சார மேலாண்மை பற்றியும் பேசிக்கொள்ளும் முறை அது. அதற்கு முன்னிருந்த ஏபிஎம் முறையில் மின்சார மேலாண்மையைப் பெரும்பாலும் பயோஸே கையில் வைத்திருந்தது. ஏசிபிஐ அதைத் திருப்பிப்போட்டது: முடிவெடுப்பது இயங்குதளம், தகவல் கொடுப்பது ஃபர்ம்வெயர். அது சரியான திசை.

ஆனால் ஃபர்ம்வெயர் கொடுப்பது வெறும் தகவல் மட்டும் அல்ல. அது கொடுக்கும் அட்டவணைகளுக்குள் ஏஎம்எல் என்ற குறியீட்டு வடிவில் சின்னச் சின்ன நிரல்களும் இருக்கின்றன. 'இந்தச் சாமானை அணைக்க வேண்டுமா, இந்த நிரலை ஓட்டு' என்று சொல்லும். அதை ஓட்டுவதற்குக் கேர்னலுக்குள், வரிக்கு வரி வாசித்து ஓட்டும் ஓர் இன்டர்பிரெட்டரே உட்கார்ந்திருக்கிறது. மதர்போர்ட் தயாரித்தவர் எழுதிய, நாங்கள் பார்த்திராத நிரல், கேர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது.

அந்த நிரல் இயங்குதளத்தைப் பார்த்து 'நீ எந்த விண்டோஸ்?' என்று கேட்கவும் முடியும். உண்மையைச் சொன்னால் லினக்ஸுக்குத்தான் நட்டம், ஏனென்றால் தயாரிப்பாளர்கள் பரிசோதித்த பாதை விண்டோஸின் பாதை மட்டுமே. ஆகவே விண்டோஸின் பதிப்புகளைப் பற்றிக் கேட்டால் லினக்ஸ் 'ஆம்' என்கிறது. 'நீ லினக்ஸா?' என்று கேட்டால், 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து 'இல்லை' என்றே பதில் சொல்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் யாரும் ஒழுங்காகப் பரிசோதிக்காத நிரல்கள் கிடந்ததுதான் காரணம்.

ராஸ்பெரி பை மாதிரிச் சிறு ஆம் போர்டுகளில் எப்படி?

அங்கே முக்கியமான வழி டிவைஸ் ட்ரீ. ஓபன் ஃபர்ம்வெயர் என்ற, 1994இல் ஐஇஇஇ தரமாக வந்த முறையிலிருந்து பிறந்தது. 2011இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேர்னலின் ஆம் பகுதியின் குழப்பத்தைப் பார்த்துப் பகிரங்கமாகக் கோபப்பட்டார். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி மொழி நிரல்கோப்பு என்று கேர்னல் வீங்கிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் ஆம் பக்கம் முழுமூச்சாக டிவைஸ் ட்ரீக்கு மாறியது. இதில் ஓட்டுவதற்கு நிரல் எதுவும் கிடையாது. 'இந்த முகவரியில் இந்தச் சிப், இந்தக் கடிகாரம், இந்தக் கால்' என்ற விவரம் மட்டும். எனக்கு இது பிடிக்கும். விவரத்தில் பிழை இருந்தால் ஓர் உரைக் கோப்பைத் திருத்தித் திரும்பத் தொகுத்தால் போதும்.

இருந்தாலும் ராஸ்பெரி பையில் முதலில் விழிப்பது ஆம் புரோசசர் இல்லை, கிராஃபிக்ஸ் பகுதிதான். அது தன் மூடிய ஃபர்ம்வெயரை ஓட்டி ரேமை எழுப்பி, டிவைஸ் ட்ரீயைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் லினக்ஸ் வருகிறது.

இருவரும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் என்ன கெடுதி?

யார் எதைச் செய்தார் என்று எழுதிவைக்காவிட்டால் பெரிய கெடுதி. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு தம்பி, ஒரு மலிவான ஆம் போர்டில் விகாரை ஒன்றுக்கு அறிவிப்புத் திரை செய்துகொண்டிருந்தான். பழைய கேர்னலில் நன்றாக ஓடியது. புதிய கேர்னலைப் போட்டவுடன், தொடங்கிச் சில நொடிகள் எழுத்துகள் ஓடும், பிறகு திரை கறுத்துவிடும். வலையமைப்பு வழியாக உள்ளே போகலாம், எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் இல்லை. எச்டிஎம்ஐ கம்பியை மாற்றினான், தொலைக்காட்சியை மாற்றினான், போர்டையே மாற்றப் போனான்.

இரண்டு சனிக்கிழமை தேடினோம். நடந்தது இதுதான். திரையின் கடிகாரத்தைத் தொடக்கிவைத்தது பூட்லோடர். கேர்னலோ பூட்லோடர் விட்டுச்சென்ற படப்பரப்பில் (திரைக்குப் போகும் படம் இருக்கும் நினைவகப் பகுதி) எழுதிக்கொண்டிருந்ததே தவிர, அந்தக் கடிகாரம் தனக்கு வேண்டும் என்று எங்கும் கேட்டிருக்கவில்லை. பழைய கேர்னலில் அந்தச் சிப்பின் கடிகாரங்களுக்கு டிரைவரே இல்லை, ஆகவே யாரும் அதைத் தொடவில்லை. புதிய கேர்னலில் அந்த டிரைவர் வந்துவிட்டது. தொடக்க வேலைகளின் கடைசியில் யாரும் கேட்காத கடிகாரங்களை மின்சாரம் மிச்சம்பிடிக்க அணைப்பது லினக்ஸின் வழக்கம். அணைத்துவிட்டது, திரை போனது.

பயன்படாத கடிகாரங்களைத் தொடாதே என்று சொல்லும் கேர்னல் அளவுரு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் திரை கறுக்காமல் நின்றது, அதனால்தான் காரணம் பிடிபட்டது. ஆனால் அது மருந்து இல்லை. டிவைஸ் ட்ரீயில் அந்தப் படப்பரப்புக்கு எதிரே 'இதற்கு இந்தக் கடிகாரம் தேவை' என்று ஒரு வரி எழுதினோம். அந்த வரி வந்ததும் கேர்னல் தானாகவே கடிகாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. முன்பு அந்த உண்மை பூட்லோடரின் நடத்தையில் மறைந்து கிடந்தது, அவ்வளவுதான்.

எஸ்எம்எம் என்றால் என்ன? அதை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோட் என்பதன் சுருக்கம். 1990இல் இன்டெலின் 386எஸ்எல் சிப்போடு வந்த, புரோசசரின் ஒரு தனி இயங்குநிலை. விசேட இன்டரப்ட் ஒன்று வந்தால் புரோசசர் கேர்னலை அப்படியே நிறுத்திவிட்டு, கேர்னலால் பார்க்கவும் முடியாத நினைவகத்தில் உள்ள பயோஸ் நிரலை ஓட்டும். முடிந்ததும் எதுவும் நடக்காததுபோலத் திரும்பிவரும். கேர்னலால் அதைத் தடுக்க முடியாது. நொடியில் சிறு பகுதி காணாமல் போனது மட்டும் தெரியும். பழைய பிசி ஒன்றில் லினக்ஸ் போட்டுச் சிஎன்சி இயந்திரம் (கணினி ஓட்டும் வெட்டும் இயந்திரம்) ஓட்டுகிறவர்களுக்கு இதன் வலி நன்றாகத் தெரியும்: வெட்டுமுனைக்குப் போகவேண்டிய துடிப்பு தாமதமாகும். அப்படியான வேலைக்குப் பிசி வாங்கும் முன் தாமதச் சோதனை ஓட்டிப் பாருங்கள், புரோசசரின் வேகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பாதுகாப்புக் கோணத்தில் யார் செய்வது நல்லது?

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற புரோசசர் பாதுகாப்புக் குறைகள் வெளிவந்தன. ஸ்பெக்டரின் ஒரு வகைக்குப் புரோசசரின் மைக்ரோகோடையும், அதாவது புரோசசருக்குள்ளேயே ஓடும் நிரலையும், புதுப்பிக்க வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் மைக்ரோகோட் புதுப்பிப்பு அழிந்துவிடும், ஒவ்வொரு தொடக்கத்திலும் திரும்ப ஏற்ற வேண்டும். பயோஸ் ஏற்றலாம், கேர்னலும் ஏற்றலாம். எங்கள் பழைய போர்டுகள் பலவற்றுக்குப் புதிய பயோஸ் வரவே இல்லை. ஆனால் புரோசசருக்கு இன்டெல் கொடுத்த மைக்ரோகோட் கோப்பு லினக்ஸின் வழக்கமான புதுப்பிப்போடு வந்து சேர்ந்தது. கேர்னல் அதைத் தொடக்கத்திலேயே ஏற்றிக்கொண்டது. இந்த ஒரு வசதியால் எத்தனை பழைய இயந்திரங்கள் பாதுகாப்போடு வேலை செய்தன என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே நிறைவாக இருக்கிறது.

அப்போ ஃபர்ம்வெயரிடம் கட்டாயம் இருக்கவேண்டியவை எவை?

ரேமைச் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்தது வெப்பமும் பற்றரியும். லப்டொப்பில் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிறு சிப் இருக்கிறது. விசிறி, சார்ஜ் ஏற்றுவது, பவர் பொத்தான் எல்லாம் அதன் கையில். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது கரண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் எல்லோரும் லப்டொப்பை அணைத்தபடியே சார்ஜில் போட்டோம். அந்த நேரம் கேர்னல் என்று ஒன்றே ஓடவில்லை. லித்தியம் பற்றரியை அளவோடு நிரப்பி, சூடானால் நிறுத்த வேண்டிய பொறுப்பைக் கேர்னலிடம் கொடுக்க முடியாது. கேர்னல் உறைந்து நிற்கும்போதும் விசிறி சுற்றத்தான் வேண்டும்.

ஆமில் இரண்டாவது, மூன்றாவது கோர்களை எழுப்பும் வேலையும் பிஎஸ்சிஐ என்ற சிறிய அழைப்புத் தரத்தின் மூலம் ஃபர்ம்வெயரிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு விதமாகச் செய்யவேண்டியதை ஒரே கதவால் செய்வது. கதவு சின்னது, வெளிப்படையாக எழுதப்பட்டது, ஆகவே எனக்கு அதில் முறைப்பாடு இல்லை.

கோர்பூட் போட்டால் எல்லாம் சரியாகுமா?

கோர்பூட் என்பது பயோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, மூலநிரல் திறந்த ஃபர்ம்வெயர். அதை 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரொன் மினிச் தொடங்கினார். அப்போது பெயர் லினக்ஸ்பயோஸ், 2008இல் பெயர் மாறியது. ஃபர்ம்வெயர் மிகக் குறைந்த வேலையை மட்டும் செய்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் எண்ணம். குரோம்புக்குகளில் இருப்பது அதுதான். ஆனால் இன்டெல் போர்டுகளில் ரேமை எழுப்பும் பகுதி இன்னும் மூடிய கோப்பாகத்தான் அநேகமாக வருகிறது. பல லப்டொப்புகளில் தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத பயோஸ் தொடங்கவும் விடாது. உங்கள் மாதிரி கோர்பூட்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் சிப்பில் கைவைக்காதீர்கள்.

பயோஸைப் புதுப்பிக்கட்டுமா?

பிரச்சினையோ பாதுகாப்புத் திருத்தமோ இருந்தால், ஆம். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ்ஸில் செருகிவிட்டு. லப்டொப் என்றால் பற்றரி நிரம்பியிருக்க, சார்ஜரும் செருகியிருக்க.

ஒரு சாமான் வேலை செய்யவில்லை. பிழை பயோஸிலா, கேர்னலிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கேர்னல் தொடக்கத்திலிருந்து எழுதிவைக்கும் செய்திப் பதிவை வாசியுங்கள். ஃபர்ம்வெயர் தந்த விவரம் பிழை என்று கேர்னலுக்குத் தெரிந்தால், சதுர அடைப்புக்குள் 'ஃபர்ம்வெயர் பக்' என்று ஆங்கிலத்தில் எழுதி அந்த வரியைத் தொடங்கும். அந்த வரிகளை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்து, விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் உள்ள இயந்திரம் என்றால் இதைச் செய்து பாருங்கள். விண்டோஸிலிருந்து நேரே மறுதொடக்கம் செய்து லினக்ஸுக்குள் போங்கள். பிறகு முழுதாக அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, நேரே லினக்ஸைத் தொடங்குங்கள். உதாரணமாக, முதல் தடவை ஒலி வந்து இரண்டாவது தடவை வரவில்லை என்றால், விண்டோஸ் டிரைவர் எழுதிவிட்டுப்போன ஏதோ ஓர் எண்ணில் லினக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. லினக்ஸ் டிரைவர் தானே எழுதவேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடையாது.

இரண்டு தடவையுமே அந்தச் சாமான் வேலை செய்யாவிட்டால், பழைய கேர்னல் ஒன்றிலும் புதிய கேர்னல் ஒன்றிலும் தொடங்கிப் பாருங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் உடனே கேர்னல்தான் என்று தீர்த்துவிட வேண்டாம், அந்தத் தம்பியின் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். போர்டின் மாதிரிப் பெயர், பயோஸ் பதிப்பு, இரண்டு கேர்னல்களின் எண், இரண்டு பதிவுகளும், கரண்டைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பது: இவ்வளவையும் எழுதிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். இயந்திரத்தின் சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.